சீட்டுக்கு அடியில் தள்ளிய பை

இலங்கையில் போர் முடிவதற்கு முந்தைய வருடம் அது. கெலிஓயாவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு எலும்புச் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். என் ஊரையும் என் வேலையையும் ஒரே மூச்சில் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காரும் காலம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. என் பெட்டியைத் திறந்தால் கம்பி, குழாய், ஆணி, ட்ரில் மெஷின் என்று எல்லாமே அந்த நாட்களில் யாரும் பார்க்க விரும்பாத சாமான்கள்தான்.

கருவிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதோடு என் வேலை முடியாது. சத்திரசிகிச்சை நடக்கும்போது தியேட்டருக்குள் ஓர் ஓரமாக நின்று, அடுத்ததாக எந்தக் கருவி வேண்டும் என்று தாதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் முள்ளந்தண்டு முறிவுக்கு ஒரு புதிய முறை வந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் முதுகை ஒரு சாண் நீளத்துக்குத் திறந்துதான் ஸ்க்ரூ போடுவார்கள். புதிய முறையில் நான்கு சின்ன வெட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு வெட்டின் வழியாகவும் அரை மீற்றர் நீளமான மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை எலும்புக்குள் செலுத்துவார்கள். நடுவில் துளையுள்ள ஸ்க்ரூவை அந்தக் கம்பியில் கோத்து, பாசிமணியை நூலில் இறக்குவதுபோல் உள்ளே இறக்குவார்கள். உள்ளே நடப்பது எக்ஸ்ரே திரையில் நிழலாகத்தான் தெரியும். கம்பி கொஞ்சம் வளைந்திருந்தாலும் ஸ்க்ரூ அதையும் தள்ளிக்கொண்டு போய் எலும்புக்கு முன்னால் இருக்கும் பெரிய இரத்தக்குழாயைக் குத்திவிடலாம். அதனால் ஒவ்வொரு முறையும் கம்பிகளைத் தட்டையான மேசையில் உருட்டிப் பார்ப்பேன். வளைந்த கம்பி துள்ளித் துள்ளி உருளும்.

அந்தத் தடவை கண்டி ஆஸ்பத்திரியில் நோயாளி, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். மழையில் கூடையோடு சறுக்கி விழுந்து, தண்ணீர் ஓடும் கானின் சீமெந்து விளிம்பில் இடுப்பு அடிபட்டிருந்தது. ஒரு கால் மெல்ல மெல்ல மரத்துக்கொண்டு வந்தது. இரத்தம் குறைவான உடம்பு என்பதால் முதுகைப் பெரிதாகத் திறக்க சர்ஜன் விரும்பவில்லை. அந்தப் புதிய முறையைப் படித்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அவரும் இரண்டு நாளில் வெளிநாட்டுக்குப் போகவிருந்தார். ஆகவே மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று.

முதல் நாள் மாலை நான் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சர்ஜன் என்னை வார்டுக்குக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் வார்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இருக்கவில்லை. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாளைக்கு நீங்களும் உள்ள இருப்பீங்களா சார்? அவங்க என்னா பேசிக்கிறாங்கன்னு எனக்கு வெளங்காது. அதான் பயமா இருக்கு."

"ஓம் அக்கா, நான் பக்கத்திலதான் நிப்பன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னார்.

திரும்பி வந்து கம்பிகளை உருட்டினேன். ஆறுமே துள்ளின. ஆனால் நான் கலங்கவில்லை. என் அறையில் புதிய கம்பிகள் பத்து இருந்தன, ஐந்து ஐந்தாகக் கிருமி நீக்கி முத்திரையிட்ட இரண்டு பிளாஸ்டிக் குழாய்களில். ட்ரில்லின் பற்றரியையும் இரவில் சார்ஜ் போட எப்படியும் அறைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. காலையில் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தால் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பியும் பற்றரியும் ஒரே பையில் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. எனக்கு அவை கருவிகள், அவ்வளவுதான்.

மறுநாள் ஏழரைக்குப் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஜன்னலோரம் என் வயதுக்காரர் ஒருவர், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, மடியில் பெரிய துணிக்கட்டை வைத்துக்கொண்டு இருந்தார். என் பை நீளமாக இருந்ததால் தன் கட்டை இழுத்துக்கொண்டு இடம் விட்டார். மடவளையில் சின்னதாகக் கைலி, சாரம் வியாபாரம், நேற்றுக் கெலிஓயாவில் ஒரு கடைக்குக் காட்டிவிட்டுத் திரும்புகிறேன் என்றார். நான் ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் அதற்குமேல் எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

பேராதனையை நெருங்கும்போது பஸ் நின்றது. வழமையான இடமல்ல. அந்த வாரம் வேறெங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்ததால் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். எல்லோரும் அவரவர் பைகளோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்று கொண்டக்டர் சத்தம் போட்டார்.

நான் சேர்ட் பையில் கைவிட்டேன். கடிதம் இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்னார் இன்ன நிறுவனத்தில் வேலை செய்கிறார், அவர் கொண்டுசெல்பவை சத்திரசிகிச்சைக் கருவிகள் என்று சிங்களத்தில் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரை குத்திய ஒரு தாள். அது இல்லாமல் நான் கடைக்குப் பாண் வாங்கக்கூடப் போகமாட்டேன். முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கேட்டபோது எடுத்துக் காட்டிவிட்டு, கையில் இருந்த பெட்டியின் மூடிக்குள் செருகியிருந்தேன். அது இப்போது தியேட்டரில் அந்தப் பெட்டியோடு பத்திரமாக இருந்தது.

உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று சொல்லும் அடையாள அட்டை. பத்து உருக்குக் கம்பிகள். ஒரு பற்றரி. நான் அந்தச் சிப்பாயாக இருந்தால் என்ன நினைப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதைவிடக் குறைந்த காரணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, எங்கே என்று வீட்டாருக்கே தெரியாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல் பாவனை செய்து, பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு ஜன்னலோரச் சீட்டுக்குக் கீழே போய் நின்றது. நிமிர்ந்தபோது தொப்பிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் வெறுங்கையோடு பின்னால் இறங்கினேன். சோதனை முடிந்ததும் ஏறிப் பையை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் மகா திட்டம். பஸ்ஸுக்குள்ளும் ஏறிப் பார்ப்பார்கள் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பயம் வந்தால் அந்த அறிவும் போய்விடுகிறது.

என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அப்போது பஸ்ஸுக்குள் போன சிப்பாய் வாசலில் இருந்து கத்தினான். உள்ளே ஒரு பை கிடக்கிறது, யாருடையது?

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவன் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினான். எங்களையெல்லாம் வீதியோர மதில்வரை பின்னுக்குத் தள்ளினார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், யாரோ அழத் தொடங்கினார்கள். அதிகாரி முன்னால் வந்து இரண்டாவது முறை கேட்டார். இப்போது சொன்னால் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று எனக்குள் ஓடியது. ஒவ்வொரு விநாடியும் வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டு போனது.

அந்தச் சீட்டில் யார் இருந்தது என்று கொண்டக்டரிடம் கேட்டார்கள். அவர் தொப்பிக்காரரைக் காட்டினார்.

அவரை இழுத்துக்கொண்டு போய் நடுவீதியில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் கோக்கச் சொன்னார்கள். துணிக்கட்டை அவிழ்த்து உதறினார்கள். இரவு மழை பெய்திருந்தது, புதுச் சாரங்கள் சேற்றில் விழுந்தன. பை தன்னுடையது அல்ல என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் பக்கத்தில் இருந்தவன் யார், காட்டு என்றார் அதிகாரி.

அவர் தலையை நிமிர்த்தினார். வரிசையில் தேடவேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார். கோபமோ கெஞ்சலோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்போல் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தி, தான் கவனிக்கவில்லை என்றார்.

ஒரு சிப்பாய் அவர் கழுத்தில் அடித்தான். தொப்பி கீழே விழுந்தது.

"பை என்னுடையது" என்று நான் சிங்களத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன்.

துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. அசையாதே என்றார்கள். உள்ளே என்ன என்று கேட்டார்கள். முதுகு ஒப்பரேஷனுக்கான கம்பியும் பற்றரியும் என்றேன். பற்றரி என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவருக்கும் பயம். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது.

நீயே போய் எடு என்றார். எல்லோரையும் இன்னும் தூரப் போகச் சொல்லிவிட்டு என்னைத் தனியாக அனுப்பினார். பஸ்வரை இருபதடி இருக்கும். பையில் என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும், அப்படியிருந்தும் அது வெடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே நடந்தேன். முழங்காலில் நின்று சீட்டுக்குக் கீழே கையை நீட்டியபோது அந்தப் பெண்ணின் சில்லிட்ட கை ஞாபகம் வந்தது. பக்கத்தில் நிற்பேன் என்று சொன்ன ஆள் நான்தான். மணி எட்டே கால்.

பையை வீதியில் வைத்து நானே திறந்தேன். பற்றரியை எடுத்து வைத்தேன். கம்பிக் குழாய்களை எடுத்து வைத்தேன். ஒரு சிப்பாய் கிட்ட வந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு குழாயின் முத்திரையைக் கத்தியால் வெட்டிக் கம்பிகளைத் தார் ரோட்டில் கொட்டினான். ஐந்து கம்பிகள் போயின. அவன் அடுத்த குழாயை எடுத்தபோது நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அதை வெட்டினால் ஒரு பெண்ணுக்கு இன்று ஒப்பரேஷன் இல்லை, அவளுடைய கால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிச் சிங்களத்தில் கொட்டினேன். அதிகாரி அவனை நிறுத்தி, இந்தக் கம்பியை என்ன செய்வாய், விளக்கு என்றார்.

சோதனைச் சாவடிகளில் சேர்ட்டைத் தூக்கி முதுகைக் காட்டுவது எனக்குப் புதிதல்ல. போரில் பட்ட காயத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கூசிப்போவேன். அன்று நானாகவே திரும்பி, சேர்ட்டைத் தூக்கி, இடுப்புக்கு மேலே நான்கு இடங்களை விரலால் தொட்டுக் காட்டினேன். இங்கே ஒன்று, இங்கே ஒன்று, கம்பி உள்ளே போகும், அதன்மேல் ஸ்க்ரூ போகும் என்றேன். துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. அதிகாரி யாருடனோ தொலைபேசியில் பேசும் சத்தம் கேட்டது. நான் கொடுத்த இலக்கத்தை அவர் நம்பவில்லை. தானே விசாரித்து ஆஸ்பத்திரியின் இலக்கத்தை எடுத்து, தியேட்டரில் இருந்த பெரிய மிஸ்ஸியை, அதாவது தலைமைத் தாதியைப் பிடித்தார். அந்த அம்மா இவரைப் பேசவே விடவில்லை போலும், நீண்ட நேரம் 'ஹரி, ஹரி', சரி, சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார்.

அதற்கிடையில் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள். தொப்பிக்காரர் சேற்றில் கிடந்த சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏறிய பிறகும் அவர் கட்டி முடிக்கவில்லை. கடைசியில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே நின்று, என்னைப் பாராமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்களே சொல்லுவீங்க எண்டு நெனச்சேன். அதுதான் நான் காட்டல்ல."

பஸ் போய்விட்டது. சிறிது நேரத்தில் அதிகாரி என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். கடிதம் இல்லாமல் இனி இந்தச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு திரியாதே என்றார். பிறகு, பையை ஒளித்தது ஏன் என்று கேட்டார். பயம் என்றேன். அவர் மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்றை மறித்து, என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்படி சாரதியிடம் சொன்னார்.

ஒன்பதரைக்குத் தியேட்டருக்குள் போனேன். அந்தப் பெண் மேசையில் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் முன் தலையைத் திருப்பித் தேடினார். நான் முகக்கவசத்தோடு கிட்டப் போய், அக்கா, நான் வந்திட்டன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

தேவை நான்கு கம்பிகள், என்னிடம் இருந்தவை ஐந்து. மூன்றாவது கம்பி எலும்பில் பட்டு வளைந்தது. சர்ஜன் அதை இழுத்தெடுத்துக் கையை நீட்டியபோது தாதி அடுத்ததை வைத்தார். அதற்குப் பிறகு திரையில் அந்த நிழல் ஒவ்வொரு மில்லிமீற்றர் நகரும்போதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இன்னொன்று வளைந்திருந்தால் கொடுக்க ஒன்றும் இல்லை. வளையவில்லை. அன்று பின்னேரம் அவர் இரண்டு கால்களின் விரல்களையும் அசைத்துக் காட்டினார். நான்காம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னை எங்கே கண்டாலும் கும்பிட்டார். எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கும்பிடு சேர வேண்டிய ஆள் வேறு என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு மாதம் கழித்துத் தொப்பிக்காரரைத் தேடி மடவளைக்குப் போனேன். பெயர் தெரியாது, கடை தெரியாது. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலில் இருந்து வெளியே வரும் நேரம், எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தூரத்தில் ஒருவர் அவரைப்போலவே தெரிந்தார். எழுந்தேன். அந்த இடத்திலும் பயம்தான் வந்தது, ஆனால் இது வேறு பயம். இன்னும் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றிருப்பீர்கள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? அந்த ஆள் கூட்டத்தோடு திரும்பிப் போகும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்று சோதனைச் சாவடிகள் இல்லை. கடிதமும் தேவையில்லை. இருந்தாலும் பஸ்ஸில் என் பையை மேலேயோ கீழேயோ வைப்பதில்லை, எவ்வளவு பாரமானாலும் மடியில்தான். பார்க்கிறவர்கள் உள்ளே தங்கம் இருப்பதாக நினைக்கிறார்களோ என்னவோ. என் மனைவி கேலி செய்வாள். அன்று காலை வந்த பயத்துக்காக என்னை நான் குறை சொல்வதில்லை, பயப்பட எனக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்த மனிதருக்கும் அதே அளவு காரணம் இருந்தது. நானே சொல்லுவேன் என்று நினைத்து அவர் முழங்காலில் நின்றார். அவர் அப்படி என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அது தெரியாமலே, அவர் நினைத்த அந்த ஆளாக இருக்கத்தான் அன்றிலிருந்து முயன்றுகொண்டிருக்கிறேன்.